மடிக்கணினிக்கு ஏற்ற கம்பியில்லா அட்டை

புதிதாக மடிக்கணினி வாங்குவோர் அதன் விலையையும் திரையையும் நினைவகத்தையும் தீர விசாரிக்கின்றனர். அதனை வைஃபை வலையமைப்புடன் இணைக்கும் அட்டையைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. அது 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உடையது. ஏறத்தாழ ஓர் அஞ்சல் தலையளவே இருக்கும். எனினும் அது பொருந்தாவிடில் களப்பணியாளரின் அளவீடுகள் தலைமை அலுவலகத்தை அடையா; ஆசிரியர் தேடிய பாடப்படம் வகுப்பறைக்கு வாராது.

முதலில் நோக்கற்பாலது அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். இது சுவர்களை ஓரளவு எளிதாகக் கடக்கும். ஆனால் நெரிசல் மிகுந்தது. ஒன்றோடொன்று மோதாத தடங்களாக இதில் வழக்கமாகக் கொள்ளப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றே. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, தடங்களும் மிகுதி, ஆயின் சுவர்களுக்கு அப்பால் விரைவில் வலுவிழக்கும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கு 2005இல் உரிம விலக்கு அளிக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் அவ்விலக்கு 2018இல் விரிவாக்கப்பட்டது. ஆகவே இரு வரிசைகளிலும் இயங்கும் அட்டையே உத்தமம். 2.4 மட்டும் அறிந்த அட்டைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வலையமைப்பு அருகிலிருந்தும் புலப்படாது.

அடுத்தது வேகம். வைஃபை 6 அட்டைகள் சிலவற்றில் விநாடிக்கு 2,400 மெகாபிட் எனக் குறித்திருப்பர். திசைவியும் 160 மெகாஹெர்ட்ஸ் அகலமான தடத்தில் இயங்கினாலன்றி அவ்வேகம் கிட்டாது. பள்ளிக்கு வரும் இணைய இணைப்பு 100 மெகாபிட் எனில், இணையத்திலிருந்து பெறுவதும் அவ்வளவே. குழாயைப் பெரிதாக்குவதால் கிணற்றில் நீர் பெருகுவதில்லை.

மூன்றாவது பொருத்தம். சில மடிக்கணினிகளில் இந்த அட்டை தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனைப் பின்னர் மாற்றுதல் அரிது. பொருத்துவாய் உள்ளவற்றிலும் தோற்றத்தை மட்டும் நம்பலாகாது. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 ஆகிய இரண்டும் ஒத்த உருவில் கிடைக்கின்றன. முன்னது பலவகைக் கணினிகளில் இயங்கும். பின்னது அதற்கென அமைந்த இன்டெல் கணினிகளில் மட்டுமே இயங்கும். லினக்ஸ் பயன்படுத்துவோர், அட்டைக்குரிய இயக்கி மென்பொருள் தம் பதிப்பில் உள்ளதா என்பதையும் அறிதல் அவசியம்.

ஆதலின், பணம் செலுத்துமுன் மூன்று வினாக்களை எழுப்புக: பணியிடத் திசைவி எவ்வலைவரிசையில் இயங்குகிறது? அட்டையைக் கழற்றி மாற்ற இயலுமா? இயக்கி மென்பொருள் உண்டா? இவற்றிற்கு விடை கிடைத்த பின்னரே பெட்டியின்மேல் அச்சிட்ட வேகத்தைப் பார்த்தல் போதுமானது.