பஜ்ஜி பண்டி

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் திருப்பதி ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் நடந்தால், பார்ப்பதற்கு முன்னால் மூக்கு கண்டுபிடித்துவிடும். நான்கு சைக்கிள் சக்கரம், மேலே தகரக் கூரை, நடுவில் பெரிய வாணலி. கடலை மாவில் முக்கிய மிளகாய் எண்ணெயில் இறங்கும் சத்தம். "அன்னா, ரெண்டு ப்ளேட் கட் மிர்ச்சி, ஒகடி பார்சல்" என்கிறார் ஒருவர். ஏழு சொல்லில் தெலுங்கு, ஆங்கிலம், இந்தி மூன்றும் வந்துவிட்டன. பக்கத்தில் நிற்கும் காட்பாடிக்காரர் அதையே தமிழில் கேட்டாலும் அந்த 'ப்ளேட்', 'கட்', 'பார்சல்' மூன்றும் மாறாது.

இந்த வண்டிக்கு என்ன பெயர்? தெலுங்கில் 'பஜ்ஜீல பண்டி'. அதிகாரிகளும் செய்தித்தாள்களும் எழுதும்போது 'தோபுடு பண்டி', அதாவது தள்ளுவண்டி. சித்தூர் பக்கத்துத் தமிழர்களுக்கு இரண்டு மொழியும் வாயில் புழங்குவதால் வண்டி, பண்டி இரண்டும் வரும். அதில் பிழை ஒன்றும் கிடையாது. பழைய தமிழ் அகராதிகளிலும் பண்டி என்பதற்கு வண்டி என்ற பொருள் உண்டு.

இந்தச் சொல் ஒரு காலத்தில் ஆங்கிலத்துக்கும் போனது. சென்னை ராஜதானியில் இருந்த வெள்ளைக்காரர்கள் மாட்டுவண்டி, குதிரை வண்டி எல்லாவற்றையும் 'பாண்டி' என்றே எழுதினார்கள். ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னெலும் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இதற்குத் தனிப் பதிவு உண்டு. தமிழ் வண்டி, தெலுங்கு பண்டி என்று மூலத்தையும் காட்டி, தெற்கிலும் மேற்கிலும் வழங்கும் இந்தச் சொல் வங்காளத்தில் தெரியாது என்றும் குறித்திருக்கிறார்கள். ஆக, ஒரே நாட்டில் ஆண்ட வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே கல்கத்தா ஆங்கிலம் வேறு, சென்னை ஆங்கிலம் வேறு. அந்த 'பாண்டி' பிறகு ஆங்கிலத்தில் வழக்கொழிந்துவிட்டது. திருப்பதித் தெருவில் பண்டி மட்டும் இன்னும் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருக்கிறது.

வெள்ளைக்காரர்களின் சொந்த ஊரிலும் இதே குழப்பம்தான். உருளைக்கிழங்கு வறுவலும் மீனும் விற்கும் வண்டி பிரிட்டனில் 'சிப் வேன்'. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 'சிப் டிரக்' அல்லது 'சிப் வேகன்'. அமெரிக்காவில் 'லஞ்ச் வேகன்' என்று இருந்த சொல்லைப் பெரும்பாலும் 'ஃபுட் டிரக்' விழுங்கிவிட்டது. ஆனால் ஹவாய் தீவுக்காரர்கள் பழைய பெயரை விடவில்லை. பெல்ஜியத்தில் வறுவல் விற்கும் இடம் 'ஃப்ரிட்கோட்'. 'கோட்' என்றால் குடிசை. அங்கே வண்டி நின்றுபோய்க் குடிசை ஆன கதை பெயரிலேயே இருக்கிறது.

நம் பக்கத்தில் பெயர் வைப்பதில் கொஞ்சம் குறும்பும் சேர்ந்துவிடுகிறது. சென்னையில் 'கையேந்தி பவன்'. பெரிய சைவ ஓட்டல்களின் பெயரில் வரும் 'பவன்' என்ற கௌரவத்தைத் தூக்கி, நாற்காலி இல்லாமல் தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிடும் இடத்துக்குச் சூட்டியவர் யாரோ, அவருக்கு ஒரு ப்ளேட் பஜ்ஜி கடன்பட்டிருக்கிறோம். கேரளத்தில் அது 'தட்டுகடா', வடக்கே 'டேலா' அல்லது 'ரேஹ்டி', மும்பையில் வடாபாவ் விற்றால் 'காடி'.

ஆங்கிலத்திலிருந்து இறங்கி வந்த சொற்கள் பண்டியில் ஏறியதும் பொருள் மாறிவிடுவது இன்னும் சுவையான விஷயம். சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு வண்டியில் 'ஃபாஸ்ட் ஃபுட்' என்று எழுதியிருந்தால் அங்கே பஜ்ஜி கேட்கக் கூடாது. அது நூடுல்ஸ், ஃப்ரைட் ரைஸ், மஞ்சூரியா செய்யும் வண்டி. (தமிழ்நாட்டு மஞ்சூரியன் எல்லை தாண்டியதும் மஞ்சூரியா ஆகிவிடுகிறது.) வாணலியிலிருந்து அப்படியே எடுத்து நீட்டும் பஜ்ஜிதான் இரண்டிலும் வேகமானது. ஆனாலும் 'ஃபாஸ்ட்' என்ற பட்டம், முன்னால் பத்துப் பேர் நிற்க வரிசையாகக் காத்திருந்து வாங்கும் நூடுல்ஸுக்குத்தான். 'பார்சல்' தபால் ஆபீஸை விட்டு வெளியே வந்து, வாழை இலையும் செய்தித்தாளும் சுற்றிய பொட்டலமாகிவிட்டது. 'ப்ளேட்' என்பது பாத்திரம்கூட அல்ல, ஓர் அளவு. ஒரு ப்ளேட்டுக்கு எத்தனை பஜ்ஜி என்பது வண்டிக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம். காகிதத்தில் மடித்துத் தந்தாலும் அது ப்ளேட்தான்.

'கட் மிர்ச்சி' இதற்கெல்லாம் மேல். ஒருமுறை பொரித்த மிளகாய் பஜ்ஜியைத் துண்டு துண்டாக நறுக்கி, மறுபடியும் எண்ணெயில் போட்டு மொறுமொறுப்பாக்கி, மேலே வெங்காயம் தூவி எலுமிச்சை பிழிந்து தருவார்கள். ஆங்கில 'கட்'டும் இந்தி 'மிர்ச்சி'யும் சேர்ந்த இந்தப் பெயரை லண்டன்காரரிடம் சொன்னால் என்ன புரிந்துகொள்வாரோ! பக்கத்துத் தட்டில் இருக்கும் அலசந்த வடையில் மட்டும் வேற்றுமொழி ஒன்றும் ஒட்டவில்லை. தமிழில் காராமணி, அங்கே அலசந்தலு. ராயலசீமையில் நாட்டுக்கோழிக் குழம்போடு சேர்த்துச் சாப்பிடும் வடை அது.

இத்தனை பெயரையும் சட்டம் என்ன செய்யும்? 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம் அதை யோசித்திருக்கிறது. தெருவோர வியாபாரி யார் என்று விளக்கும் இடத்தில் 'ஹாக்கர்', 'பெட்லர்', 'ஸ்குவாட்டர்' என்ற ஆங்கிலச் சொற்களை அடுக்கிவிட்டு, இதே பொருளில் அந்தந்த வட்டாரத்தில் வழங்கும் பிற எல்லாச் சொற்களும் இதில் அடங்கும் என்று முடித்துவிட்டார்கள். பஜ்ஜி பண்டிக்காரரும் கையேந்தி பவன்காரரும் அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் வந்து நிற்கிறார்கள். சட்டம் எழுதுகிறவர்கள் அகராதிக்காரர்களைவிடச் சாமர்த்தியசாலிகளாக இருப்பது அபூர்வம். இது அப்படிப்பட்ட ஓரிடம்.

அந்த 'ஹாக்கர்' என்ற சொல் சிங்கப்பூரில் வேறு வேடம் போட்டது. அங்கே தெருவில் விற்றவர்களையெல்லாம் 1980-களுக்குள் கூரை போட்ட கட்டடங்களுக்கு மாற்றிவிட்டார்கள். நடமாட்டம் நின்ற பிறகும் ஹாக்கர் என்ற பெயர் நின்றது. 2020-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறியது. அந்தக் கட்டடங்களுக்குச் சிங்கப்பூர்த் தமிழில் 'உணவங்காடி நிலையம்' என்று பெயர். தமிழ்நாட்டில் ரேஷன் கடைப் பலகையைத் தாண்டி அதிகம் புழங்காத அங்காடி, ராயலசீமைத் தெலுங்கில் 'அங்கடி' என்று சாதாரணப் பேச்சில் இருக்கிறது. சித்தூரில் ஒரு பையனை உப்பு வாங்க அங்கடிக்குத்தான் அனுப்புவார்கள்.

ஆனால் பஜ்ஜி விற்பவரின் இடம் எவ்வளவு பெரிதானாலும் அங்கடி ஆவதில்லை. பண்டிதான். 2014-ம் வருடச் சட்டத்தின்படி வியாபாரிக்குத் தரும் சான்றிதழில் ஒரே இடத்தில் விற்பவர், நகர்ந்து விற்பவர் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. அந்தி நேரத்தில் திருப்பதியில் ஒரு பண்டியின் அடியில் குனிந்து பார்த்தால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் கொடுத்திருக்கும், டயரில் காற்று இருக்காது. வாடிக்கையாளர் கேட்டால் பண்டிக்காரர் சொல்லும் விலாசம் ஒன்றுதான்: "இக்கடே அன்னா, ரோஜூ இக்கடே." இங்கேதான் அண்ணா, தினமும் இங்கேதான்.