கடலடியில் உழுத சால்

1989-ம் வருஷத்தில் ஜர்மானிய சாஸ்திரிகள் சிலர் பெரு தேசத்துக்கு அப்பால் பசிபிக் மகாசமுத்திரத்தில் ஒரு பரீட்சை செய்தார்கள். எட்டு மீட்டர் அகலமுள்ள, பலுகு போன்றதொரு கருவியை 4,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறக்கி, சுமார் 11 சதுர கிலோமீட்டர் பரப்பில் 78 தடவை இழுத்தார்கள். எதையும் அள்ளி எடுக்கவில்லை. உழுதுவிட்டு வந்ததோடு சரி. 2015-ல் திரும்பிச் சென்று, ஒலியலைக் கருவிகளாலும் புகைப்படங்களாலும் அவ்விடத்தைப் படமாக வரைந்தபோது, 26 வருஷத்துக்கு முந்திய சால்கள் கண்ணுக்குத் தெரியும்படி அப்படியே கிடந்தன. தடங்களுக்குள் நுண்ணுயிர்களின் இயக்கம் பெரிதும் குன்றியிருந்தது. நம் வயலில் உழுத சாலை இரண்டு மழை கரைத்துவிடும். அங்கே மழை ஏது?

பரீட்சைக்கே இக்கதியென்றால், வியாபாரம் தொடங்கினால் என்ன ஆகும்? உருளைக்கிழங்கு போல் அங்கே சிதறிக் கிடக்கும் உருண்டைகளில் மாங்கனீஸ், நிக்கல், தாமிரம், கோபால்ட் ஆகிய உலோகங்கள் உள்ளன. பத்து லக்ஷம் வருஷத்தில் சில மில்லிமீட்டரே வளர்பவை அவை. சேற்று நிலமாகிய அவ்வாழத்தில், கடற்பஞ்சு முதலிய பிராணிகள் பற்றி நிற்க அவற்றைவிட்டால் வேறு இடம் அரிது.

இச்சொத்து யாருடையது? தேசங்களின் எல்லைக்கு அப்பாற்பட்ட கடலடி மனித வர்க்கத்தின் பொதுச் சொத்தாகவேண்டுமென்று 1967-ல் மால்டாவின் பிரதிநிதி அர்விட் பார்டோ ஐக்கிய நாட்டு சபையில் வாதாடினார். 1982-ம் வருஷத்துக் கடற்சட்ட உடன்படிக்கையில் அக்கொள்கை ஏறியது. அமெரிக்கா அதில் சேரவில்லை. 2025 ஏப்ரலில் அதன் ஜனாதிபதி, தமது தேசத்தின் 1980-ம் வருஷத்துச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, அந்தப் பொதுக் கடலடியிலும் அநுமதி வழங்குவதைத் துரிதப்படுத்தும்படி உத்தரவிட்டார். ஊர்ப் பொதுக் குளத்துக்குத் தன் வீட்டுப் பத்திரத்தைக் காட்டிப் பாத்தியதை கொண்டாடுவது எந்த நியாயஸ்தலத்தில் செல்லும்?

அயலாரைக் கண்டிக்கும் நாம் நம் வீட்டையும் பார்க்கவேண்டும். இந்து மகாசமுத்திரத்தின் மத்தியில் 75,000 சதுர கிலோமீட்டரில் உருண்டைகளை ஆராயும் உரிமை இந்தியாவுக்கு உண்டு. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிலையத்தார் 2021-ல் 'வராஹா' என்னும் இயந்திரத்தை 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிக் காட்டினார்கள். சாமர்த்தியத்தை நாம் மெச்சுகிறோம். ஆனால் வராஹமூர்த்தி சமுத்திரத்தினின்றும் பூமியை மீட்டவர், சுரண்டியவரல்லர்.

வக்கீல்களுக்குப் புரியக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. நஷ்டத்தைக் கணக்கிட முன்னிருந்த நிலைக்குச் சாட்சியம் வேண்டும். உலகக் கடலடியில் 2025 வரையில் நேரில் அளந்து வரையப்பட்ட பாகம் 27 சதவீதத்துச் சொச்சமே. குத்தகை இடங்களின் பூர்வ நிலையைப் பதிவு செய்யும் பொறுப்போ, உரிமை பெற்றவர்களிடமே விடப்பட்டிருக்கிறது. பிரதிவாதியே சாட்சியம் தயாரிக்கும் வழக்கு இது.

ஆதலின் நமது சர்க்காரை நாம் கேட்பது இதுவே: 'வராஹா' ஓடிய தடத்தைக் குறித்த காலங்களில் மறுபடியும் மறுபடியும் படமெடுக்கவேண்டும். அப்படங்களைச் சர்வகலாசாலைகளுக்குத் தடையின்றிக் கொடுக்கவேண்டும். தோண்டுவதற்கான எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுமுன் அவற்றைப் பார்லிமெண்டின் மேஜைமீது வைக்கவேண்டும்.