பழவேற்காட்டில் சூரியன் இருபது நிமிடம் லேட்

எலும்புக்கூட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்ற எதையும் நிதானமாகச் சொல்ல வராது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு காவல் நிற்கின்றன. ஒன்றின் தலைமேல் மணல் கடிகாரம். வருகிறவனை மிரட்டுவதற்காகத்தான் பதினேழாம் நூற்றாண்டில் அங்கே நிறுத்தியிருப்பார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேல் உப்புக்காற்று வாங்கி விளிம்பெல்லாம் மழுங்கிப் போனதில், இப்போது பார்த்தால் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பெரியவர்கள் மாதிரி இருக்கிறார்கள். நான் வணக்கம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

போன மாதம் என் நண்பர் ஒருவர் ஏதோ ஒரு பழைய நகரத்தில் புதிதாகத் திறந்த பண்பாட்டு மையத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் பேசினார். செயற்கை நீரூற்று, ஒலி ஒளிக் காட்சி, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. “பின்பக்கம் விட்டாங்களா?” என்று கேட்டேன். “ஊழியர்களுக்கு மட்டும்னு போர்டு போட்டிருந்துச்சு” என்றார். அந்தப் போர்டு இல்லாத ஊர் ஒன்று எனக்குத் தெரியும். பொங்கல் கூட்டம் கலைந்த இரண்டாம் நாள், பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் பஸ் என்று கிளம்பிவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்துக்கு நீங்களும் போவதானால் காலை எட்டு மணிக்குள் போங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம். சுற்றுச்சுவர், புல், மர நிழல் என்று பூங்கா போலவே இருக்கும். உச்சி வெயிலில் அந்தப் பலகைக் கற்கள் வெறும் கற்கள்தான். சாய்வெயில் படும்போதுதான் எழுத்துகள் எழுந்து உட்காருகின்றன! சுழித்துச் சுழித்து எழுதிய டச்சு எழுத்து, குடும்பச் சின்னங்கள், தலைக்கவசம், இலைக்கொடி. கல்லை ஒல்லாந்து தேசத்திலேயே செதுக்கிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள் என்கிறார்கள். சேதி போய்க் கல் வந்து சேர வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதுவரை அவன் யாரென்று எப்படி நினைவு வைத்திருந்தார்களோ.

ஒரு கல்லின் முன்னால் மண்டியிட்டுவிட்டேன். அதில் கெல்திரியா கோட்டையின் படம் இருக்கிறது. இது எனக்கு ஏன் இத்தனை குதூகலம் என்றால், அந்தக் கோட்டை இப்போது இல்லை. 1806-ல் ஆங்கிலேயர் அதைத் தகர்த்துவிட்டார்கள். இன்றைக்கு அங்கே போனால் ஒரு மேடு, ஒரு பள்ளம், மேலே புதர், புதருக்குள் ஆடு. கோட்டை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமென்றால் செத்தவன் கல்லைத்தான் பார்க்க வேண்டும்!

கோட்டையின் கதையும் சுவாரசியம்தான். இங்கே பண்டகசாலை போட்டு உட்கார்ந்த ஒல்லாந்தரை 1612-ல் போர்ச்சுகீசியர் தாக்கினார்கள். இனிமேல் சுவர் இல்லாமல் பிழைக்க முடியாது என்று 1613-ல் கோட்டை எழுந்தது. கட்டிய அதிகாரி வெம்மர் வான் பெர்ச்செம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரை அதற்கு வைத்தார். 1690-ல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையை மாற்றும் வரை சோழமண்டலக் கரை முழுவதிலும் நடந்த ஒல்லாந்து வியாபாரத்தின் தலைமையிடம் இதுதான். உள்ளே நாணயச்சாலை இருந்தது, ஊரில் வெடிமருந்து ஆலை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகத் துணி. மலேசியாவில் கட்டம் போட்ட லுங்கிக்கு இன்றும் ‘கைன் பெலிகாட்’ என்றுதான் பெயர். பெலிகாட் என்றால் புலிக்காட், புலிக்காட் என்றால் நம் பழவேற்காடு. கோலாலம்பூரில் ஒருவர் சாயங்காலம் குளித்துவிட்டு இந்த ஊரின் பெயரை இடுப்பில் கட்டிக்கொள்கிறார் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சிரிப்பு அடங்குகிற இடமும் உண்டு. இதே கரையிலிருந்து துணி மூட்டைகளோடு ஆட்களையும் ஏற்றினார்கள். பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட தமிழரும் தெலுங்கரும் அடிமைகளாகக் கடல் கடந்து ஒல்லாந்தரின் பத்தாவியாவுக்குப் போனார்கள். அவர்களில் யாருக்கும் கல் வரவில்லை.

கட்டடக் கலைஞர் சேவியர் பெனடிக்ட் தொடங்கிய ஆர்டே அறக்கட்டளைதான் இந்த ஊரின் வரலாற்றை ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவர வருஷக்கணக்காக மெனக்கெட்டது. விளக்க மையம் என்று ஒன்றை உண்டாக்கியது. நண்பர் பார்த்த பண்பாட்டு மையத்துக்கு இந்த ஊரில் அதிகாரபூர்வமாக ஈடாகச் சொல்லக்கூடியது அதுதான். ஆனால் இந்த ஊரில் அருங்காட்சியகப் பொருள் எங்கே ஆரம்பிக்கிறது, வீட்டுச் சாமான் எங்கே முடிகிறது என்று கோடு போட முடிவதில்லை. நீலப்பூ போட்ட சீனப் பீங்கான் ஓடு இங்கே மண்ணைக் கிளறினால் வரும். டீ குடிக்க நின்ற இடத்தில் ஒரு பையன் தன் டவுசர் பையிலிருந்து விரல் நக அளவு துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினான். “இது இன்னா தெரியுமா, சார்? சைனா.” ஐந்து கல் ஆடுவதற்கு வைத்திருக்கிறானாம். விலை பேச மனசு வரவில்லை. பேசியிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டான்.

போகிற போக்கில் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலை ஒரு கும்பிடு. செம்புரைக்கல்லில் கட்டிய கோயில். கட்டைவிரல் அளவில் ராமாயணக் காட்சிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் சிற்பங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், இன்றைக்கு நேரமில்லை. ஏனென்றால் பன்னிரண்டு மணிக்குள் நான் சின்னப் பள்ளிவாசலில் இருக்க வேண்டும்.

அங்கே 1914-ஆம் வருஷத்துச் சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. தொழுகை நேரம் பார்க்க வைத்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, அனுமதி கேட்டு, மூச்சைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். கைபேசியில் சரியாகப் பன்னிரண்டு. நிழலோ பதினொன்று நாற்பதிலேயே சோம்பிக் கிடக்கிறது!

“கடிகாரம் ஸ்லோவா, பாய்?” என்றேன்.

“உங்க போன் ஃபாஸ்ட்டு” என்றார் அவர், கொஞ்சமும் அசராமல்.

அவர் சொன்னதுதான் சரி. நம் கைபேசி காட்டுவது மிர்சாப்பூர்ப் பக்கம் போகிற 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். பழவேற்காடு இருப்பது எண்பதே சொச்சத்தில். பாகைக்கு நாலு நிமிடம் என்றால் சூரியன் இங்கே உச்சிக்கு வர ஒன்பது நிமிடம் தாமதம். அதற்கு மேல், பூமி ஒரே வேகத்தில் சுற்றிவராததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் ஜனவரி நடுவில் சூரியனே பத்து நிமிடம் பிந்தி வரும். ஆக மொத்தம் கிட்டத்தட்ட இருபது. இதே ஆள் நவம்பர் தொடக்கத்தில் பதினாறு நிமிடம் முந்திக்கொள்வார். அப்போது வந்தால் நிழல் நம் கைபேசியை ஏழு நிமிடம் முந்தும். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடிகாரத்தை அமைத்தவர் இந்த ஊரின் நேரத்தை இந்த ஊருக்காக வைத்தார். மிர்சாப்பூரை யார் கேட்டார்கள்?

சாப்பாட்டுக்குப் பிறகு ஓலைப் பெட்டி. சென்னைக் கண்காட்சிகளில் விலைச்சீட்டோடு வரிசையாக உட்கார்ந்திருக்குமே, சிவப்பும் பச்சையுமாக மூடி போட்ட பனையோலைப் பெட்டிகள், அவற்றின் பிறந்த வீடு இது. இங்குள்ள முஸ்லிம் பெண்களின் கைவேலை. ஒரு திண்ணையில் இடம் கொடுத்தார்கள். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்ந்து, சாயம் கொதிக்கிற பானையில் முக்கி எடுக்கிறார்கள். அளவுகோல் என்ற பேச்சே இல்லை. பெட்டியையே அளவாக வைத்து அதன் மேலேயே மூடியைப் பின்னுகிறார்கள்.

“நீங்களும் ஒண்ணு பின்னுங்க, தம்பி” என்று ஓலையைக் கையில் திணித்தார் ஓர் அக்கா. கால்மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்துப் பக்கத்திலிருந்த பாட்டி, “கோழி கெளறின மாதிரி இருக்கு” என்று தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீடு செய்யவில்லை.

நான் வாய் பிளந்தது அதன் பிறகுதான். சாயங்காலம் ஏரிக்கரையில் நிற்கிறேன். இடுப்பளவுத் தண்ணீரில் இருளர் பெண்கள் சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது, விரல்தான் எல்லாம். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருந்தால் பிடித்த இறாலை எங்கே போடுவது? ஒவ்வொருவர் வாயிலும் ஓலையில் பின்னிய பறி ஒன்று. பல்லால் கவ்வியபடி, கை வெளியே வரும் கணத்தில் உள்ளே போட்டுவிட்டு மறுபடி குனிகிறார்கள். மதியம் திண்ணையில் பார்த்த அதே ஓலை! கண்காட்சியில் அதற்குக் கைவினை என்று பெயர். இங்கே அது மூன்றாவது கை.

வடக்கே வானம் இருண்டுகொண்டு வந்தது. அந்தப் பக்கம் முப்பத்தைந்து கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம். ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று குப்பங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். முதலில் நெருப்புத் தெரியும், சத்தம் வந்து சேர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஐ.எஸ்.ஆர்.ஓ.வை எதிர்வீட்டுக்காரர் மாதிரி பேசுகிறார்கள். நான் போன அன்று எதிர்வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை.

அன்றைய என் பேராசை ஒன்றுதான்: ராத்திரி பாட்டுக்குப் படகில் ஏற வேண்டும். பாடு என்றால் இசை என்று நினைத்து வந்தவர்களும் உண்டாம். இது வேறு பாடு. முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டத்தில் சுத்துவலை கட்டி, வற்றம் இறங்கும்போது கடலுக்குத் திரும்புகிற இறாலைப் பிடிக்கிற இடங்கள் கொஞ்சம்தான். வலை போட வேண்டியவர்களோ நிறைய. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்க்காரர்களும் அதை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவன் நாளைக்கு அந்த இடத்தை அடுத்தவனுக்கு விட வேண்டும். எந்த இடம் யாருக்கு என்பதைக் குலுக்கல் சொல்லும். தலைக்கட்டு என்று ஊர்க் கணக்கில் பெயர் ஏறியவனுக்கே உரிமை. நீரூற்றுக்கும் வண்ண விளக்குக்கும் கோடிக்கணக்கில் செலவழித்தாலும் இப்படி ஒரு காட்சிப் பொருளைச் செய்து வைக்க முடியுமா? இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது என்பதுதான் இதன் அழகு. நாளைக்கே முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் இந்தக் கணக்கு முழுவதும் கலைந்துவிடும். அடிக்கடி மூடிக்கொண்டதும் உண்டு.

வலையை ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் மூத்தவரிடம் போய்ப் பணிவாகக் கேட்டேன். “அண்ணே, நானும் வரட்டுமா?”

மேலும் கீழும் பார்த்தார். “நீ எந்த ஊர் தலைக்கட்டுப்பா?”

படகில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் வெட்கமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். ஒரு நாள் பூராவும் எல்லா வாசலும் திறந்துவிட்ட ஊரில் கடைசியில் ஒரு வாசல், ஞாயமான காரணத்தோடு, எனக்குச் சாத்தப்பட்டது. மோட்டார் இல்லாமல் கோல் ஊன்றித்தான் நகர்ந்தார்கள். இருட்டில் கொஞ்ச தூரம் போன பிறகு அந்தப் பெரியவரின் குரல் மட்டும் திரும்பி வந்தது: “விடிகாலம் ஏலத்துக்கு வா. கூடை தூக்க ஆள் வோணும்!”

நாலரைக்கு அலாரம் வைத்தேன். மிர்சாப்பூர் நேரப்படிதான்.