'இருக்கும்'னு சொல்லத் தெரியுமா? அப்ப பாதி இத்தாலியன் ஓவர்!

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூருக்குப் போயிருக்கீங்களா? வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர். 1680-ல் இத்தாலியில் பிறந்த பெஸ்கிதான் அவர். நம்ம பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதி, அது 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாச்சு. நம்ம வினைச்சொல்லை அவர் அலசினார். அவங்க எதிர்காலத்தை நாம கொஞ்சம் அலசுவோமா?

'பர்லாரே'ன்னா பேசுதல். கடைசி 'ஏ'யை வெட்டுங்க, நடுவுல இருக்கிற 'லா'வை 'லெ' ஆக்குங்க. 'பர்லெர்' ரெடி. இனி விகுதி ஒட்ட வேண்டியதுதான்:

பர்லெரோ - பேசுவேன்
பர்லெராய் - பேசுவாய்
பர்லெரா - பேசுவான், பேசுவாள்
பர்லெரேமோ - பேசுவோம்
பர்லெரேத்தே - பேசுவீர்கள்
பர்லெரான்னோ - பேசுவார்கள்

சூப்பர் நியூஸ்... எல்லா வினைக்கும் இதே ஆறு விகுதிதான்! 'தொர்மீரே' (தூங்குதல்) மாதிரி சொற்களில் நடுவுல எதையும் மாத்தவே வேணாம், 'தொர்மிரோ'ன்னா தூங்குவேன். அடம்பிடிக்கிறது சிலதுதான். 'எஸ்ஸெரே' (இருத்தல்) 'சரோ' ஆகும். 'அந்தாரே' (போதல்) 'அந்த்ரோ' ஆகும். இதுகளை மனப்பாடம் பண்ணிடுங்க.

இப்பதான் நமக்கு ஜாக்பாட்! "மணி என்னடா?"ன்னு கேட்டா வாட்ச் இல்லாதவன் என்ன சொல்வான்? "எட்டு இருக்கும்." நடக்கிறது இப்போ, சொல்றது எதிர்காலத்துல! இத்தாலிக்காரனும் அப்படியேதான்: "சரான்னோ லே ஒத்தோ." "அவன் ஹாஸ்டல்ல இருப்பான்"ங்கிற யூகத்துக்கும் அவங்க 'சரா'தான் போடுவாங்க. இங்கிலீஷ் வழியா யோசிச்சா 'மஸ்ட் பீ'யா, 'ப்ராபப்லி'யான்னு மண்டை காயும். தமிழ்ல யோசிச்சா நேரா வந்து விழும்.

இன்னொரு ஒற்றுமை: "நாளைக்கு திருச்சி போறேன்"னு நாம நிகழ்காலத்துல சொல்றோமே, அவங்களும் "தொமானி வாதோ"ன்னு (நாளைக்குப் போறேன்) நிகழ்காலத்துலயே சொல்வாங்க.

ஆனா ஒரு இடத்துல உஷார்! "தினமும் டீ குடிப்பேன்", "சின்ன வயசுல குளத்துல குதிப்போம்"னு பழக்கத்தையும் நாம எதிர்காலத்துலதான் சொல்றோம். அதை அப்படியே இத்தாலியன்ல கொண்டுபோனா கதை கந்தல். இப்போதைய பழக்கத்துக்கு அங்கே நிகழ்காலம். பழைய பழக்கத்துக்கு அதுக்குன்னே தனியா ஒரு இறந்தகாலம்.

ஆக, புது மொழி கத்துக்க இங்கிலீஷ் மட்டுமே வாசல் இல்லை பாஸ். நம்ம வீட்டுக் கொல்லைப்புறம் வழியாவும் போகலாம், எங்கே பள்ளம்னு தெரிஞ்சா போதும்.

வரட்டுமா? "ச்சீ வெத்ரேமோ!" ஹலோ, திட்டலைங்க... 'சந்திப்போம்'னு அர்த்தம்!