படம் முந்தியா, கதை முந்தியா?

படத்தைப் பார்த்துவிட்டுக் கதையைப் படிப்பது உசிதமா? அல்லது கதையைப் படித்து முடித்துவிட்டுப் படத்துக்குப் போவது உசிதமா? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு தாமிரபரணிக் கரையோரம் நான்கு நாட்கள் சுற்றி வந்தேன். போன வீட்டிலெல்லாம் காபி கிடைத்தது. கல்லிடைக்குறிச்சியில் மட்டும் காபியோடு ஒரு சண்டையும் பார்க்கக் கிடைத்தது.

சண்டைக்குக் காரணம் ஒரு பைண்டு புத்தகம். வாரா வாரம் பத்திரிகையிலிருந்து பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, அடுக்கி, அட்டை போட்டுத் தைத்த தொடர்கதை. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி நாலைந்து இருக்குமே! அந்த வீட்டில் இருந்தது சுஜாதாவின் 'விக்ரம்'. தாள்கள் பழுப்பேறி, நடுவே உளுந்து மாவுகூட ஒட்டியிருந்தது. அப்பளம் இட்டுக்கொண்டே ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்ட கதையாம். அந்த ஊரில் வேறெப்படி இருக்கும்? கடைசி அத்தியாயத்தை மட்டும் காணோம்.

"மதினி யாருக்கோ இரவல் கொடுத்தாங்க. போச்சு" என்றார் நாத்தனார்.

"நீதான் பைண்டர்கிட்ட எண்ணிக் கொடுக்கலை" என்றார் மதினி.

இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. வழக்கு முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேலாக நடக்கிறது. நாத்தனார் படம் பார்த்தவர். காணாமல் போன அத்தியாயத்தைப் படத்தின் கிளைமாக்ஸைக் கொண்டு நிரப்பிக்கொண்டுவிட்டார். மதினி படம் பார்க்காதவர். பத்திரிகையில் ஒரே ஒரு தடவை படித்த முடிவைத்தான் நம்புகிறார். இரண்டும் ஒத்துப் போவதாய் இல்லை.

இளம் வாசகிகளுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். கமல்ஹாசன் தயாரித்து நடித்த 'விக்ரம்' 1986-ஆம் வருஷம் மே 29-ம் தேதி வெளிவந்தது. டைரக்ஷன் ராஜசேகர், சங்கீதம் இளையராஜா. 'அக்னிபுத்ரா' என்ற ஏவுகணையைச் சத்யராஜின் கூட்டம் கடத்திவிடுகிறது. அதைத் தேடிக் கதாநாயகன் சலாமியா என்ற கற்பனை ராஜ்யத்துக்குப் போகிறான். கதை சுஜாதாவுடையது. படம் ஒரு பக்கம் தயாராகிக்கொண்டிருக்க, நாவல் மறுபக்கம் 'குமுத'த்தில் தொடராக வந்தது. அதாவது கதாநாயகனின் முகம் இன்னது என்று தெரிந்துகொண்டே ஜனங்கள் படித்த கதை!

அதற்கு முன் சினிமாவுக்கும் அச்சுக்கும் இருந்த உறவு வேறு. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் உங்கள் பாட்டிக்கு நினைவிருக்கும். 1963-ல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்தது. வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்து, பாடத் தெரிந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகும் படம். அந்த நாளைய பாட்டுப் புத்தகங்கள் கதையைப் பாதி சொல்லி, சரியான இடத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கையை விரித்துவிடும். தொடர்கதை அப்படிச் செய்ய முடியுமா? முடிவைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? அங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது.

மதினி ஏன் படத்துக்குப் போகவில்லை என்று கேட்டேன். முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு சொன்னார்: "கமல் முகத்தோடதான் படிச்சேன், அது சரி. ஆனா சலாமியா எனக்குப் பாபநாசத்துக்கு மேலே, மலைக்கு அந்தாண்ட இருந்துச்சு. படத்தில ஒரே மணலாமே!" படத்தில் சலாமியாவுக்காக ராஜஸ்தானில் படம் பிடித்தார்கள். தினமும் கொல்லைப்புறத்திலிருந்து பார்க்கிற மலைக்குப் பின்னால் தாமே கட்டிய ஒரு ராஜ்யத்தை அந்த மணலுக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நாத்தனாரோ ஒட்டகம் பார்த்ததே அந்தப் படத்தில்தான் என்கிறார். அவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறதல்லவா?

பாளையங்கோட்டையில் நான் சந்தித்த வாசகிக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை. அப்போது அவர் மகளிர் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். அறைக்கு அறை கைமாறும் பத்திரிகையில் கம்ப்யூட்டர் தெரிந்த ப்ரீத்தி என்ற பெண்ணைப் படித்ததும், தாமும் கம்ப்யூட்டர் கற்பது என்று தீர்மானித்துவிட்டார். தகப்பனார் டைப்ரைட்டிங் போதும் என்று நினைத்த காலம். விடுமுறையில் ஊருக்குப் போய், சேர்த்து வைத்த அத்தியாயங்களை அப்பாவுக்கே வாசித்துக் காட்டினாராம். எழுதியவர் வெறும் கதாசிரியர் இல்லை, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இஞ்சினீயர் என்றதும் பெரியவர் பாதி இளகிவிட்டார்.

பிறகு படம் வந்தது. தகப்பனாரும் மகளுமாகப் போனார்கள். திரையில் ப்ரீத்தி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த நேரத்தைவிடக் கதாநாயகனைச் சுற்றி வந்த நேரம்தான் அதிகமாகத் தோன்றியது. வீடு திரும்பும் வழியில் அப்பா கேட்டது ஒரே கேள்வி: "ஏட்டி, இதுக்கா நான் ஃபீஸ் கட்டணும்?"

மறுபடி அவர் மனத்தை மாற்ற ஒரு வருஷம் பிடித்ததாம். அந்த அம்மாள் அப்புறம் கம்ப்யூட்டர் படித்து, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்து, ஓய்வும் பெற்றுவிட்டார். "ப்ரீத்தியைக் காகிதத்திலேயே விட்டிருந்தால் எனக்கு ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும்" என்று இன்றைக்கும் சொல்கிறார்.

ஆற்றை விட்டுத் தெற்கே வந்தால் மகேந்திரகிரி. இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதித்துப் பார்க்கும் மலை அது. பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி குளிரில் வைக்க வேண்டிய திரவ ஹைட்ரஜனைக் கையாளும் இடம். பணகுடிப் பக்கம் ஓர் இல்லத்தரசி. குடும்பத்தில் ஒருவருக்கு அங்கே வேலை. கதையையும் படித்து, படத்தையும் டெலிவிஷனில் பார்த்தவர். "ராக்கெட்டை என்னமோ வைக்கோல் வண்டியைக் கடத்துற மாதிரி கடத்துதாங்க!" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் சுஜாதாவுக்கு அவர் ஒரு மார்க் கூடுதலாகப் போடுகிறார். 'அக்னிபுத்ரா' திரையில் பறந்து மூன்றே வருஷத்தில், 1989 மே 22-ம் தேதி, நம் தேசம் 'அக்னி' என்றே பெயரிட்ட ஏவுகணையை நிஜமாகப் பறக்கவிட்டது.

பிற தேசத்தாருக்கும் இந்தத் தகராறு உண்டு. 1966-ல் 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' என்ற அமெரிக்கப் படம். டாக்டர்களைக் கப்பலோடு அணுவளவாகச் சுருக்கி, ஒரு நோயாளியின் ரத்தக் குழாய்க்குள் அனுப்புகிறார்கள். படத்தை நாவலாக்கச் சொல்லி ஐஸக் அஸிமோவிடம் கொடுத்தார்கள். அவர் ஓர் ஓட்டையைப் பிடித்துவிட்டார். படத்தில் கப்பலை வெள்ளை அணு விழுங்கிவிடுகிறது. ஆட்கள் மட்டும் வெளியே வருகிறார்கள். கப்பல் உள்ளேயே மறுபடி பெரிதானால் நோயாளி கதி என்ன? நாவலில் அந்த வெள்ளை அணுவையும் கூடவே வெளியே இழுத்து வரச் செய்தார். புத்தகம் படத்துக்கு முன்பே வெளிவந்துவிட்டதால், புத்தகத்தைப் பார்த்துத்தான் படம் எடுத்தார்கள் என்று நம்பியவர்கள் அநேகம்.

நமக்குக் கடல் தாண்டினால் இலங்கை. அங்கே குடியேறி வாழ்ந்த ஆர்தர் கிளார்க், டைரக்டர் குப்ரிக்கோடு சேர்ந்து, 1968-ல் வெளிவந்த '2001' கதையை உருவாக்கினார். படத்தில் கப்பல் வியாழனுக்குப் போகிறது. நாவலில் சனிக்குப் போகிறது! கிரகமே மாறிவிட்டது, யார் என்ன செய்ய முடியும்? கிளார்க் காலமானது 2008 மார்ச்சில். அதற்கு மூன்று வாரம் முன்புதான் நம் சுஜாதா மறைந்தார்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், படத்தின் வசனத்தை அப்படியே காகிதத்தில் இறக்குகிற புத்தகத்துக்கு நான் காசு தரமாட்டேன். படம் ஓடுகிற அவசரத்தில் கேட்க மறந்த கேள்வியைக் கேட்கிற புத்தகத்தைத் தாராளமாக வாங்கலாம்.

2022-ல் கமல் அதே பெயரில் புதுப் படம் ஒன்றில் நடித்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த கல்லிடைக்குறிச்சிப் பேத்தி, அந்தப் பைண்டை எடுத்துப் படித்திருக்கிறாள். இப்போது கடைசி அத்தியாயம் எங்கே என்று கேட்டு நச்சரிப்பவள் அவள்தான். 'விக்ரம்' புத்தகமாகவே வந்திருக்கிறதே, ஒரு பிரதி வாங்கி அனுப்பட்டுமா, வழக்கு தீர்ந்துவிடுமே என்றேன்.

இரண்டு பெண்மணிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பிள்ளைக்கு அனுப்புங்க" என்றார் மதினி. "அவ வாசிக்கட்டும். ஆனா எங்ககிட்ட வந்து சொல்லக் கூடாதுன்னு சொல்லிருங்க."