சேர்வருக்கும் ஒரு மேல் தொகுதி

கப்பல்துறைக்காரருக்குத் திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிரித்தானியக் கடற்படைக்குக் கட்டியவற்றில் 99 இன்னும் நிற்கின்றன. துறைமுகத்தை ஒட்டிய கீழ்த் தொகுதிக்கு வேலை இருக்கிறது. காட்டுக்குள் இருக்கும் மேல் தொகுதி பல பத்தாண்டுகள் சும்மா கிடந்தது. இடம் உண்டு, ஆனால் தள்ளி. கணினி நினைவகத்திலும் இதே சங்கடம்தான்.

றாம் நிரம்பும்போது, உடனே தேவைப்படாத நினைவகப் பக்கங்களை லினக்ஸ் வன்தட்டில் ஒதுக்கிய இடத்துக்கு நகர்த்தும். அதுதான் ஸ்வாப். 1962இல் மன்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இந்த எண்ணம் இருந்தது. அனுப்புவது சுலபம், திருப்பி எடுப்பதில்தான் வில்லங்கம்: றாமைவிட எஸ்எஸ்டி ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மெதுவு, சுழலும் வன்தட்டோ ஒரு இலட்சம் மடங்கு.

கூகுள் 2014இல் வெளியிட்ட குபர்நெட்டிஸ், பல சேர்வர்களை ஒரே கூட்டமாக நிர்வகிக்கிறது. செயலியைப் பொதிந்து இயக்கும் கொண்டெய்னர், தனக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று பொதுவாக முன்கூட்டியே சொல்லும். அந்தக் கணக்கை நம்பியே அதற்கு ஒரு சேர்வர் ஒதுக்கப்படும். ஸ்வாப் இருந்தால் அந்தக் கணக்கு பொய்யாகலாம். நினைவகம் போதாமல் செத்த கொண்டெய்னரை உடனே மறுபடி எழுப்பிவிடலாம். ஸ்வாப்பை நம்பி மெதுவாக இழுத்துக்கொண்டு கிடப்பதை யார் கவனிப்பது? அதனால் 2017இல் வந்த 1.8 பதிப்பு முதல், ஸ்வாப் இயங்கும் சேர்வரில் குபர்நெட்டிஸின் முகவர் நிரல் தொடங்கவே மறுத்தது. ஏன் என்று கேட்காமலே ‘ஸ்வாப்ஆஃப்’ என்று தட்டச்சிட்ட ஒரு தலைமுறையே உருவானது.

முழுத் தடையும் வீண்செலவுதான். தொடங்கும்போது மட்டும் தொட்ட பக்கங்களை விலைகூடிய றாமில் காலமெல்லாம் ஏன் வைத்திருக்க வேண்டும்? 2021இல் பரிசோதனையாகத் திரும்பி வந்த ஸ்வாப், 2025இல் 1.34 பதிப்பில் நிலைபெற்றது. ஆனால் நாமாகக் கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் பங்கீட்டு முறையில். 8 ஜிபி றாமும் 4 ஜிபி ஸ்வாப்பும் உள்ள சேர்வரில் 1 ஜிபி கேட்ட கொண்டெய்னருக்கு அரை ஜிபி ஸ்வாப். கேட்ட அளவையே உச்ச வரம்பாகவும் வைத்தவற்றுக்கு இல்லை. எதுவுமே சொல்லாதவற்றுக்கும் இல்லை. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகம் போன்ற இடத்தில் மாணவர்கள் நாலைந்து பழைய கணினிகளை இணைத்துப் பழகுவதென்றால், றாம் வாங்கக் காசு தேடுமுன் இதைப் பார்க்கலாம். ஸ்வாப்புக்குத் தனி எஸ்எஸ்டி நல்லது. அதை மறையாக்கமும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நினைவகத்தில் இருந்த கடவுச்சொல் வட்டில் எழுதப்பட்டுத் தங்கிவிடலாம். ஜாவா செயலிகளில் கவனம் தேவை: குப்பை அகற்றும் வேளையில் அவை பழைய பக்கங்களையும் தொடுவதால், வெளியே போனதெல்லாம் திரும்ப உள்ளே வரும்.

‘விஎம்ஸ்டாட்’ கட்டளை தரும் அட்டவணையில், ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதையும் வெளியே போவதையும் காட்டும் ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ என்ற நெடுவரிசைகள் இரண்டு உண்டு. எப்போதாவது எண் தோன்றினால் பரவாயில்லை. இரண்டும் ஓயாமல் ஓடினால் ஒரு கொண்டெய்னரையாவது வேறு கணினிக்கு மாற்றுங்கள், அல்லது றாம் வாங்குங்கள்.