ஜாக்கி தூக்கும், தாங்காது: தாழ்வான காருக்கு அடியில போறதுக்கு முன்னாடி



எபிசோட்ல எப்பவும் சர்வர், பேக்கப், ஃபெயில்ஓவர்னு பேசிட்டு, இந்த வாரக் கடிதத்துல கார் பற்றி எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. வேலைக்குச் சேர்ந்து கையில கொஞ்சம் காசு வந்ததும் உங்கள்ல சில பேர் பழைய மியாட்டா ஒண்ணை வாங்கி கேரேஜ்ல நிறுத்திடுறீங்க. அப்புறம் யூடியூப் பார்த்து ஆயில் மாத்தலாம், பிரேக் பேட் மாத்தலாம்னு இறங்குறீங்க. நல்ல விஷயம்தான். ஆனா அந்த வீடியோக்கள்ல ஆயில் மாத்துறது பத்து நிமிஷம் ஓடும். காரைத் தூக்குறதைப் பத்து விநாடியில வெட்டிடுவாங்க. உயிருக்கு ஆபத்தான வேலை அந்த வெட்டின பகுதியிலதான் இருக்கு.

"கடையில குடுத்தா ஆகாதாப்பா, எதுக்கு அடியில எல்லாம் போய்ப் படுக்கிற?"ன்னு அம்மா கேட்பாங்க. அந்தப் பயம் நியாயமானது. அதுக்குப் பதில் "ஒண்ணும் ஆகாதும்மா" இல்ல. கீழே வர்ற ஒவ்வொரு படியும்தான் பதில்.

ஒரு ரப்பர் வளையத்தை நம்பலாமா?

ஹைட்ராலிக் ஜாக்கி வேலை செய்யறது பாஸ்கல் விதிப்படி. மூடின எண்ணெயில ஒரு இடத்துல குடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே போகும். பம்ப் பக்கம் சின்ன பிஸ்டன், தூக்குற பக்கம் பெரிய பிஸ்டன். பெரியதோட பரப்பு 20 மடங்குன்னா விசையும் 20 மடங்கு. நீளமான கைப்பிடி தர்ற நெம்புகோல் பலமும் சேரும்போது, ஒரு ஆள் கையாலேயே அரை டன்னைத் தூக்கிட முடியுது.

சரி, தூக்கின பிறகு அந்த அரை டன்னைப் பிடிச்சு வெச்சிருக்கறது எது? எண்ணெய் திரும்பி ஓடாம தடுக்கிற ஒரு சின்ன வால்வும், பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ஒரு ரப்பர் சீலும்தான். சீல் காய்ஞ்சு விரிசல் விட்டா எண்ணெய் கசியும், கார் இறங்கும். வால்வுக்குள்ள ஒரு துளி அழுக்கு போனாலும் அதேதான். பல ஜாக்கிகள்ல கைப்பிடியைத் திருப்பினாலே கார் இறங்க ஆரம்பிச்சிடும். தெரியாம யாராவது காலால தட்டினாலும் போதும்.

நம்ம பாஷையில சொன்னா, இது சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். அதனால முதல் விதி: ஜாக்கி தூக்கறதுக்கு, ஸ்டாண்ட் தாங்கறதுக்கு. ஜாக்கியில மட்டும் நிக்கிற காருக்கு அடியில உடம்புல எந்தப் பகுதியும் போகக் கூடாது. கீழே உருண்டு போன நட்டை எடுக்கக் கையை மட்டும் நீட்டறதும் இதுல சேர்த்திதான்.

தாழ்வான கார்ல என்ன கூடுதல் சிக்கல்?

இப்போ விக்கிற மியாட்டாவோட எடை ஏறக்குறைய 1,050 கிலோ. இன்னைக்கு ஓடுற கார்கள்ல இது இலகுவானதுதான். சிக்கல் எடையில இல்ல, உயரத்துல. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவுல சுமார் 13 செ.மீ. தான் இருக்கும். முந்தின ஓனர் ஸ்ப்ரிங் மாத்தித் தாழ்த்தி வெச்சிருந்தா இன்னும் கம்மி. சாதாரண ட்ராலி ஜாக்கி முழுசா இறங்கின நிலையிலேயே 13, 14 செ.மீ. உயரம் இருக்கும். உள்ளே போகவே போகாது.

இங்கதான் ஆளுங்க குறுக்கு வழி தேடுவாங்க. கைக்கு எட்டின இடத்துல, பம்பர் ஓரத்துலயோ சஸ்பென்ஷன் கம்பியிலயோ ஜாக்கியை வெச்சுத் தூக்கறது. செங்கல், ஹாலோ பிளாக் எதையாவது முட்டுக் குடுக்கறது. ஹாலோ பிளாக் சுவர் கட்டறதுக்கானது. பாரம் மேல் முகம் முழுக்கப் பரவினா தாங்கும். ஒரு புள்ளியில அழுத்தினா, எந்த அறிகுறியும் காட்டாம ஒரே நொடியில நொறுங்கிடும். காரைத் தாங்க அதை எப்பவும் வைக்காதீங்க.

சரியான வழி ரெண்டு இருக்கு. ஒண்ணு, லோ ப்ரொஃபைல் ஜாக்கி. இதோட குறைஞ்சபட்ச உயரம் 7.5 முதல் 10 செ.மீ. வரைக்கும் இருக்கும். வாங்கும்போது டன் கணக்கை மட்டும் பார்க்காம, இந்தக் குறைஞ்சபட்ச உயரத்தையும் கை எவ்வளவு தூரம் உள்ளே எட்டும்னும் பாருங்க. முன்பக்கம் தூக்க வேண்டிய இடம் பம்பர்ல இருந்து ரொம்ப உள்ளே இருக்கும்.

ரெண்டாவது, பலகை. மரக்கடையில 2×8 பலகை வாங்குங்க. பேர்தான் 2, உண்மையான தடிமன் 1.5 அங்குலம், அதாவது 38 மி.மீ. ஒரு நீளப் பலகைக்கு மேல ஒரு குட்டைப் பலகையைப் படிக்கட்டு மாதிரி வெச்சு ஸ்க்ரூ போட்டுடுங்க. இப்படி ரெண்டு செட். முன் சக்கரங்களை மெதுவா அது மேல ஏத்தினா, ரெண்டு அடுக்குக்கு 7.6 செ.மீ. கூடுதல் உயரம் கிடைக்கும். இது ஜாக்கியை உள்ளே விடறதுக்கு மட்டும்தான். பலகையில ஏத்தியாச்சுன்னு அடியில போயிடாதீங்க.

எந்த இடத்துல தூக்கணும்?

காருக்கு அடியில பார்க்க உறுதியா தெரியற எல்லாமே உறுதி கிடையாது. மியாட்டாவுல முன்பக்கம் க்ராஸ்மெம்பரோட நடுப்பகுதி, பின்பக்கம் டிஃபரென்ஷியல் கூடு. பொதுவா இந்த ரெண்டு இடத்துலதான் ட்ராலி ஜாக்கி வைப்பாங்க. க்ராஸ்மெம்பருக்குப் பக்கத்துலயே எஞ்சின் ஆயில் பேன் இருக்கு. அதுல வெச்சா நசுங்கிடும். அதனால உங்க வருஷத்து மாடலோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கிற படத்தைப் பார்த்து, டார்ச் அடிச்சு, அந்த இடத்தைக் கண்ணால உறுதி பண்ணிட்டு வைங்க.

கதவுக்குக் கீழே ரெண்டு தகடு சேர்ந்து ஒட்டின விளிம்பு ஒண்ணு இருக்கும். பிஞ்ச் வெல்ட்னு சொல்வாங்க. அதுல முன்சக்கரத்துக்குப் பின்னாடியும், பின்சக்கரத்துக்கு முன்னாடியும் பலப்படுத்தின இடம் உண்டு. நடுவுல ஜாக்கி வெச்சுத் தூக்கிட்டு, இந்த ரெண்டு ஓர இடத்துலயும் ஸ்டாண்ட் வைக்கலாம். ஸ்டாண்ட் தலையில நடுவுல பள்ளம் வெட்டின ரப்பர் பேட் போட்டா விளிம்பு மடங்காது. பனிக்கு உப்பு போடற ஊர்ல ஓடின பழைய மியாட்டான்னா, பின்சக்கரத்துக்கு முன்னாடி இருக்கிற அந்தப் பகுதி உள்ளுக்குள்ளேயே துருப்பிடிச்சிருக்கலாம். ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க. பொத்துன்னு சத்தம் வந்தாலோ, தகடு உதிர்ந்தாலோ, அங்க ஸ்டாண்ட் வைக்காதீங்க. முதல்ல துருவை வெல்டர்கிட்ட காட்டணும்.

ஹேண்ட் பிரேக் எந்தச் சக்கரத்தைப் பிடிக்குது?

தேர் ஓட்டத்துல சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடறவங்களை ஊருக்குப் போனப்போ பார்த்திருப்பீங்க. அவ்வளவு பெரிய தேரைத் திருப்பறதும் நிறுத்தறதும் அந்தக் கட்டைதான். கார் தூக்கும்போதும் அதேதான் கதை.

மியாட்டாவுல எஞ்சின் ஓட்டறது பின்சக்கரத்தை. ஹேண்ட் பிரேக் பிடிக்கறதும் பின்சக்கரத்தை. முன்பக்கம் தூக்கும்போது பிரச்சினையில்ல. கியரும் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்து தரையில இருக்கிற பின்சக்கரத்தைப் பிடிக்கும். பின்பக்கம் தூக்கினா? பிரேக் பிடிச்ச சக்கரம் ரெண்டும் காத்துல. தரையில இருக்கிற முன்சக்கரங்களைப் பிடிக்க ஒண்ணுமே இல்ல. அப்போ காரை உருள விடாம நிறுத்தறது கட்டை மட்டும்தான். ரெண்டு முன்சக்கரத்துக்கும், ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி பின்னாடி, மொத்தம் நாலு கட்டை போடுங்க.

ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கும்போது இன்னொரு நுணுக்கம் இருக்கு. சாதாரண டிஃபரென்ஷியல் உள்ள கார்ல, கியர்ல போட்டிருந்தாலும், காத்துல இருக்கிற சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்த, தரையில இருக்கிறது உருளலாம். அதனால கியரை மட்டும் நம்பாதீங்க. ஹேண்ட் பிரேக், கட்டை ரெண்டும் வேணும்.

ஜாக்கியோட கை நேரா மேல போகாது, வளைஞ்சு போகும். அதுக்கு ஈடு கட்ட ஜாக்கி தன் சக்கரத்துல கொஞ்சம் உருளணும். கீழே கல்லோ கேபிளோ தடுத்தா, ஜாக்கி நகராம கார் இழுபடும், இல்லைன்னா தலை நழுவும். முதல்ல தரையைக் கூட்டுங்க. சரிவான டிரைவ்வேயில தூக்காதீங்க. வெயில்ல இளகின தார்த் தரையில ஸ்டாண்டோட கால் புதையும். சமமான கான்கிரீட்தான் நல்லது.

ஸ்டாண்டையும் முழுசா நம்பலாமா?

அமெரிக்காவுல ஹார்பர் ஃப்ரைட் கடை 2020-ல பிட்ஸ்பர்க் பிராண்டு 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. சுமார் 17 லட்சம் ஸ்டாண்டுகள். தொழிற்சாலையில அச்சு தேய்ஞ்சுபோனதால, ஸ்டாண்டோட பல்லும் அதைப் பிடிக்கிற கொக்கியும் சரியா பொருந்தல. பாரத்தோட அசைஞ்சா திடீர்னு இறங்கிடலாம். அதே வருஷம், அதுக்குப் பதிலா குடுத்த 3 டன் ஸ்டாண்டுகள்ல சிலதுல வெல்டிங் குறைன்னு அதையும் திரும்பப் பெற்றாங்க. பக்கை சரிபண்ண விட்ட பேட்ச்லயே இன்னொரு பக்.

இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது ஒரே பிராண்டைப் பற்றின பயம் இல்ல. ஒரே டிஸ்க்குல ரெண்டு பேக்கப் வெச்சா அது ரெண்டு பேக்கப் கிடையாதுன்னு நமக்குத் தெரியும். ஒரே பேட்ச்ல வந்த ரெண்டு ஸ்டாண்டும் அப்படித்தான். ரெண்டாவது பாதுகாப்பு வேற வகைப் பொருளா இருக்கணும். கழட்டின சக்கரத்தைப் படுக்கப் போட்டு, கதவுக்குக் கீழே உள்ள ஓரத்துக்கு அடியில தள்ளி வைங்க. எல்லாமே கைவிட்டாலும் கார் சக்கரத்து மேல உட்காரும், உங்க நெஞ்சு மேல உட்காராது. ஜாக்கியையும் வெளியே எடுக்காம, அதே இடத்துல லேசா தொட்டுட்டு நிக்கிற மாதிரி விட்டுடுங்க.

ஸ்டாண்ட் வாங்கும்போது குறுக்கே பின் சொருகி இன்னொரு பூட்டு போடற மாதிரி இருந்தா எடுங்க. லேபிள்ல இருக்கிற டன் கணக்கு ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கான்னு படிங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா மாடல் நம்பரைப் போட்டு ரீகால் இருக்கான்னு தேடிப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.

வரிசை இதுதான்

முதல் தடவை செய்யறவங்க நாலு சக்கரத்தையும் ஒரே நேரத்துல தூக்க வேண்டாம். முன்பக்கம் இல்ல பின்பக்கம், ஒண்ணு மட்டும்.

1. சமமான தரை, கியர், ஹேண்ட் பிரேக், தரையில நிக்கப் போற சக்கரத்துக்குக் கட்டை.

2. சக்கரம் கழட்டணும்னா, சக்கரம் தரையில இருக்கும்போதே நட்டை அரைச் சுத்து தளர்த்துங்க. காத்துல இருக்கும்போது ஸ்பேனரைப் போட்டு இழுத்தா கார் ஆடும்.

3. கொஞ்சம் தூக்குங்க, நிறுத்துங்க, ஜாக்கி தலை சரியா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. அப்புறம் மீதி. தேவைக்கு மேல உயரம் வேண்டாம்.

4. ரெண்டு ஸ்டாண்டையும் ஒரே உயரத்துல வைங்க. கொக்கி பல்லுல நல்லா உட்கார்ந்திருக்கான்னு கையால பாருங்க, பின் போடுங்க. காரை மெதுவா அது மேல இறக்குங்க.

5. வெளியே நின்னு காரைத் தோளால நல்லா தள்ளிப் பாருங்க. விழற மாதிரி இருந்தா நீங்க அடியில இல்லாதப்பவே விழட்டும். துருப்பிடிச்ச போல்ட்டைத் தளர்த்தும்போது குடுக்கிற இழுப்பும் இதே அளவு இருக்கும்.

6. கழட்டின சக்கரம் அடியில, ஜாக்கி லேசா தொட்டபடி. கழட்டாத நாள்ல ஸ்பேர் டயரோ தடிமனான மரக்கட்டை அடுக்கோ வைங்க.

7. முடிச்சதும், அடியில டூல் எதுவும் இல்லைன்னு பார்த்துட்டு, ஜாக்கியால தூக்கி, ஸ்டாண்டை எடுத்து, இறக்குங்க. நட்டை டார்க் ரெஞ்ச்சால மேனுவல்ல சொன்ன அளவுக்கு முறுக்குங்க.

ஆயில் மட்டும் மாத்தறவங்களுக்கு, சரிவு குறைஞ்ச நீளமான ரேம்ப் போதும். சக்கரம் ரேம்ப் மேலேயே நிக்கறதால ஜாக்கியே தேவையில்ல. பின்சக்கரத்துக்குக் கட்டை மட்டும் மறக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. அடியில போறதுக்கு முன்னாடி வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. "அம்மா, நான் கார் அடியில இருக்கேன், கால் மணிக்கு ஒரு தடவை எட்டிப் பாருங்க"ன்னா போதும். யாரும் வீட்டுல இல்லாத நாள்ல காரைக் கழுவுங்க, பாலிஷ் போடுங்க. அடியில போற வேலையை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளி வைங்க.